ரயில் பெட்டியின் திண்ணை



முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், நான் அறிவியல் ஆசிரியனாக இருந்த காலத்தில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை அழைத்துக்கொண்டு சேலத்திலிருந்து சென்னைக்குச் சுற்றுலாச் சென்றேன். ஜோலார்பேட்டைச் சந்திப்பில் வண்டி சற்று நேரம் நின்றது. நாங்கள் ஏறியிருந்த பெட்டியின் வெளிப்புறத்தில், ஓர் ஓரமாக, ஆங்கில எழுத்தில் 'ஆன்டி டெலஸ்கோப்பிக்' என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்ட ஒரு மாணவன் என்னிடம் வந்து, "ஐயா, டெலஸ்கோப் என்றால் தொலைநோக்கிதானே? தொலைநோக்கிக்கு எதிரான பெட்டி என்றால் என்ன பொருள் ஐயா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதற்பாடமே அதுதான். நானோ, "அது பெட்டி கட்டுகிறவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட குறியீடு, நமக்கு வேண்டியதில்லை" என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். அவன் முகம் வாடியதைக் கண்ட பிறகு, அந்தச் சொல் என்னை விடவில்லை. அதன் பொருளைத் தேடிப் போனபோது, அது என்னை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட அமெரிக்க நாட்டின் இருப்புப்பாதைகளுக்கு அழைத்துச் சென்றது. அன்று அவனுக்குச் சொல்லத் தவறியதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பழைய தொலைநோக்கியை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கப்பல் தலைவர்கள் கையில் வைத்திருப்பது. ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய் செருகியிருக்கும். வேண்டும்போது இழுத்து நீட்டலாம், வேண்டாதபோது ஒன்றுக்குள் ஒன்றாகத் தள்ளிச் சுருக்கலாம். இரண்டு ரயில்கள் மோதும்போது, ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குள் இவ்வாறே செருகிக்கொண்டு நுழைந்துவிடுவதும் உண்டு. அதைத்தான் அமெரிக்கர்கள் 'டெலஸ்கோப்பிங்' என்றனர். குழாய்க்குள் காற்று இருக்கிறது. பெட்டிக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள். வேறுபாடு அவ்வளவே.

இத்தகைய நுழைவு ஏன் நிகழ்ந்தது? பெட்டிகள் மரத்தால் செய்யப்பட்டவை, அதனால் உடைந்தன என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். அது பாதி விடைதான். மறு பாதி, பெட்டியின் இரு முனைகளிலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு மேடையிலும், அந்த மேடையைத் தாங்கிய கட்டைகள் எங்கே பொருத்தப்பட்டிருந்தன என்பதிலும் இருந்தது.

அந்நாளைய அமெரிக்கப் பயணிப் பெட்டி நம் நாட்டுப் பழைய பெட்டியைப் போலன்று. பக்கவாட்டில் கதவுகள் இரா. ஐம்பது, அறுபது அடி நீளமுள்ள ஒரே கூடம், நடுவே நடைவழி, இரு முனைகளிலும் ஒவ்வொரு கதவு. கதவைத் திறந்து வெளியே வந்தால் இரண்டு மூன்று அடி அகலமுள்ள திறந்த மேடை ஒன்று இருக்கும். அதன் இரு பக்கமும் தரைக்கு இறங்கும் படிகள். கைப்பிரேக்கின் சக்கரமும் அங்கேதான். அமெரிக்கர்கள் அதையும் 'பிளாட்பாரம்' என்ற சொல்லாலேயே வழங்கினர். நம் நிலையத்துப் பிளாட்பாரத்தோடு அது குழம்பிவிடும். ஆகையால் நான் அதைத் 'திண்ணை' என்றே சொல்லப்போகிறேன். வீட்டு வாயிலில் திண்ணை இருப்பதுபோல் பெட்டி வாயிலில் அது இருந்தது. ஆனால் வீட்டுத் திண்ணைக்குக் கீழே மண் இருக்கிறது. பெட்டித் திண்ணைக்குக் கீழே ஒன்றுமில்லை.

மேசை ஓரத்தில் ஓர் அளவுகோலைப் பாதி வெளியே நீட்டி வைத்து, உட்பாதியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, வெளிமுனையை மறு கையின் விரலால் அழுத்திப் பாருங்கள். முனை வளைந்து தாழும். திண்ணையின் நிலையும் அதுவே. பெட்டியின் பாரமெல்லாம் இரண்டு போகிகளின்மீது தங்கியிருக்கிறது. போகிக்கு அப்பால் பெட்டியின் முனை சில அடிகள் நீண்டிருக்கிறது. அதற்கும் அப்பால் திண்ணை. பிரேக்காளர் அதன்மேல் நிற்கிறார். பயணிகள் ஏறி இறங்குகிறார்கள். போதாக்குறைக்கு, பெட்டியை இழுக்கும் கொக்கியும் அதன் அடியில் தொங்குகிறது. சில ஆண்டுகளில் மரம் தளர்ந்து திண்ணை தலைகவிழத் தொடங்கும். அதை நிமிர்த்துவதற்காக இரும்புக் கம்பிகளை முறுக்கி இழுத்துக் கட்டுவார்கள். ஒரு பெட்டியின் திண்ணை ஓர் அங்குலம் தாழ்ந்திருக்கும். அதனோடு இணைந்த அடுத்த பெட்டியினது இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்கும். ஒன்றோடொன்று நேர்படாத இந்த முனைகள்தாம் ஊர்தோறும் ஓடிக்கொண்டிருந்தன.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். பெட்டியின் தரைக்கு அடியில், முனையிலிருந்து முனைவரை, தடித்த நெடிய உத்திரங்கள் ஓடுகின்றன. பெட்டியின் முதுகெலும்பு அவையே. திண்ணையைத் தாங்கும் கட்டைகள் அந்த உத்திரங்களின் தொடர்ச்சியாக அதே மட்டத்தில் அமைந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படி அமைக்கவில்லை. உத்திரங்களின் அடிப்புறத்தில், அவற்றிற்குக் கீழே, தனிக் கட்டைகளை வைத்துத் திருகாணிகளால் முடுக்கியிருந்தார்கள். ஆகவே திண்ணை, பெட்டித் தரையைவிட ஒரு படி தாழ்வாக இருந்தது. கதவைத் திறந்து ஒரு படி கீழே இறங்கித்தான் அதில் நிற்க வேண்டும்.

இவ்வாறு செய்தவர்கள் அறிவிலிகள் அல்லர். பெட்டிகளை இணைக்கும் கொக்கி தொடக்கத்திலேயே தாழ்வாக, மூன்று அடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், வழக்கத்திற்கு வந்துவிட்டது. புதிதாகச் செய்யும் ஒவ்வொரு பெட்டியும் ஏற்கெனவே ஓடும் பெட்டிகளோடு இணைய வேண்டுமே! கொக்கி தாழ்ந்தது, கொக்கியைத் தாங்கும் கட்டைகளும் தாழ்ந்தன, கட்டைகள்மேல் அமர்ந்த திண்ணையும் தாழ்ந்தது. படிகளின் எண்ணிக்கை குறைந்ததால் பயணிகளுக்கும் அது வசதியாயிற்று. நாள்தோறும் இழுத்துச் செல்லும் வேலைக்கு அந்த அமைப்பு போதுமானதாகவே இருந்தது. இடி விழும் நாளில்தான் அதன் குறை வெளிப்பட்டது.

மோதல் நேரும்போது தள்ளும் விசை முதலில் திண்ணையின் முனையில் விழுகிறது. அந்த விசையைத் தாங்க வேண்டிய முதுகெலும்பு அதற்கு நேர்ப்பின்னால் இல்லை, மேலே இருக்கிறது. ஒருவரை நெஞ்சில் நேராகத் தள்ளினால் அவர் காலை ஊன்றி எதிர்த்து நிற்பார். முழங்காலில் தள்ளினால் மடிந்து விழுவார். திண்ணைக் கட்டைகள் அப்படி மடிந்தன, அல்லது திருகாணிகள் அறுந்து பிய்ந்தன. அந்தக் கணத்தில் ஒரு பெட்டியின் முனை மேலெழும்; மற்றதன் முனை கீழ்நோக்கும். மேலெழுந்த பெட்டியின் தடித்த உத்திரங்கள் அடுத்த பெட்டியின் தரைக்கு மேலாகப் பாயும். தரைக்கு மேலே அவற்றை எதிர்க்க என்ன இருக்கிறது? மெல்லிய மரச்சட்டங்கள், பலகைகள், கண்ணாடிச் சன்னல்கள், இருக்கைகள். உளி மரத்தைச் சீவுவதுபோல் அது அனைத்தையும் சீவிக்கொண்டு போகும்.

இதை நீங்களே வகுப்பில் செய்து காணலாம். ஒரே தடிமனுள்ள இரண்டு பாடப் புத்தகங்களை மேசைமேல் எதிரெதிரே வைத்து, முதுகோடு முதுகு முட்டுமாறு தள்ளுங்கள். இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும். பின்னர் ஒன்றின் அடியில் அதே தடிமனுள்ள ஓர் அட்டைக் கட்டைக் கொடுத்து உயர்த்தித் தள்ளுங்கள். உயர்ந்த புத்தகம் மற்றதன் மேலேறி எளிதாக ஓடிவிடும். புத்தகத்தின் வலிமை இரண்டு முறையும் ஒன்றே. மாறியது உயரம் மட்டுமே.

இந்த உண்மையைக் கண்டு அதற்கு ஒரு கருவியும் செய்தவர் எஸ்ரா மில்லர் என்னும் பொறியாளர். 1812இல் பிறந்தவர், விஸ்கான்சின் மாநிலத்தில் வாழ்ந்தவர், குடிப்படையில் பதவி வகித்ததால் கர்னல் மில்லர் என்றே அழைக்கப்பட்டார். 1860களில் அவர் தம் திண்ணை அமைப்புக்குக் காப்புரிமைகள் பெற்றார். அவர் செய்தவற்றுள் தலையாயது, திண்ணையின் தாங்கு கட்டைகளைக் கீழிருந்து தூக்கி, பெட்டியின் அடி உத்திரங்களுக்கு நேர்கோட்டில் நிறுத்தியது. தள்ளும் விசை இனி முழங்காலில் விழாது, நெஞ்சில் விழும். ஒரு பெட்டியின் முதுகெலும்பு அடுத்த பெட்டியின் முதுகெலும்பை நேருக்கு நேர் முட்டும்.

அதனோடு அவர் நிற்கவில்லை. அதுவரை பெட்டிகளை ஒரு வளையத்தாலும் முளையாலும் பிணைத்தார்கள். அதில் தளர்ச்சி மிகுதி. வண்டி புறப்படும்போதும் நிற்கும்போதும் பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துக் குதிக்கும். நடுவில் இடைவெளி விழும். மில்லர் இரண்டு திண்ணைகளின் நடுவிலும் வில்லமைந்த பஃபர்களை வைத்தார். பெட்டிகளை இணைக்கும்போது அந்த விற்கள் அழுந்தும். அழுந்திய நிலையிலேயே அவருடைய கொக்கிகள் தாமாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே திண்ணைகள் எப்போதும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே ஓடும். நெருங்கி நிற்பவை ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது அரிது. இணைப்பவர் இரண்டு பெட்டிகளுக்கு இடையே நின்று முளையைச் செருக வேண்டிய தேவையும் ஒழிந்தது. அந்த வேலையில் விரல்களையும் கைகளையும், ஏன், உயிரையும் இழந்தவர்கள் அந்நாட்டில் ஏராளம்.

இவ்வளவு நன்மை இருந்தும் ரயில் நிறுவனங்கள் உடனே ஏற்றுக்கொண்டனவா என்றால், இல்லை. காப்புரிமைக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பது ஒரு தடை. மற்றொன்று அதைவிட ஆழமானது. இந்தத் திண்ணை ஒரு பெட்டியில் மட்டும் இருந்து பயனில்லை. அடுத்த பெட்டியிலும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். உயர்ந்த திண்ணையுள்ள புதுப் பெட்டியைத் தாழ்ந்த திண்ணையுள்ள பழைய பெட்டியோடு கோத்தால், நான் சொன்ன அட்டைக் கட்டுப் பரிசோதனையே அங்கு நடந்துவிடும். மாற்றினால் தொடரை முழுவதுமாக மாற்ற வேண்டும். செலவைக் கணக்கிட்ட மேலாளர்கள் ஆண்டைத் தள்ளிப்போட்டார்கள்.

1871ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள், சனிக்கிழமை இரவு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் நகருக்கு அண்மையிலுள்ள ரெவியர் என்னும் நிலையத்தில் பயணிகள் நிறைந்த உள்ளூர் வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. பின்னால் வந்த விரைவு வண்டி அதன்மேல் மோதியது. இயந்திரம் கடைசிப் பெட்டிக்குள் புகுந்துவிட்டது. 29 பேர் மாண்டனர். அந்த வண்டிகளில் மில்லர் திண்ணையும் இல்லை; வெஸ்டிங்ஹவுஸ் கண்டுபிடித்திருந்த காற்றுப் பிரேக்கும் இல்லை. இரண்டும் அப்போதே விலைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தவை.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் இருப்புப்பாதை ஆணையத்தில் அப்போது சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ் என்பவர் இருந்தார். அமெரிக்கக் குடியரசின் இரண்டாம் தலைவருக்குக் கொள்ளுப்பேரர். ஆறாம் தலைவருக்குப் பேரர். குடிப்பெருமையை நம்பி வாழ்ந்திருக்கலாம். அவரோ விபத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து, 1879இல் ரயில் விபத்துகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். திண்ணைக் கட்டைகள் தவறான மட்டத்தில் இருந்ததை அந்நூல் பொதுமக்களுக்கு விளங்கும்படி எடுத்துரைக்கிறது. விபத்து என்றால் விதி என்று சொல்லிவிட்டுப் போகாமல், எந்தக் கட்டை எங்கே இருந்தது என்று கேட்டவர் அவர். என் மதிப்பில் அது மில்லரின் கண்டுபிடிப்புக்குச் சற்றும் குறைந்த தொண்டன்று. ரெவியருக்குப் பின் நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. 1870களின் இறுதிக்குள் பெரும்பாலான பயணி வண்டிகளில் மில்லரின் முறை பரவிவிட்டது.

அவருடைய கொக்கி நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1873இல் ஈலை ஜானி என்பவர் காப்புரிமை பெற்ற இணைப்பு, மடக்கிய விரல்கள் ஒன்றையொன்று பற்றுவது போன்றது, அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. திண்ணையும் மாறியது. 1887இல் புல்மன் தொழிற்சாலையின் செஷன்ஸ் என்பவர் இரண்டு திண்ணைகளையும் சுற்றி மடிப்புத் திரை அமைத்து மூடி, பெட்டிக்குப் பெட்டி நனையாமல் நடந்து செல்லும் வழியாக்கினார். நாம் இன்று 'வெஸ்டிபியூல்' என்று சொல்வது இதுவே. மழைக்கும் காற்றுக்கும் மட்டும் அன்று அது. வில்லால் அழுத்தப்பட்ட அதன் இரும்புச் சட்டங்கள் பெட்டிகளை மேற்புறத்திலும் ஒன்றோடொன்று நெருக்கி வைத்தன.

ஆனால் மூடிய திண்ணை திறந்த திண்ணையைவிடக் கனமானது. மரக்கட்டைகள் மீண்டும் தாழத் தொடங்கின. ஆகவே திண்ணையின் தாங்கு கட்டைகளை எஃகால் செய்தார்கள். போகிக்கு மேலிருந்து புறப்பட்டு முனைவரை நீளும் எஃகு உத்திரங்கள் வந்தன. பின்னர் இலினாய் மாநிலத்திலிருந்த ஒரு வார்ப்படத் தொழிற்சாலை, போகிமேல் அமரும் பகுதியையும் திண்ணையையும் சேர்த்து ஒரே வார்ப்பாக எஃகில் வார்த்துக் கொடுத்தது. திருகாணி அறுந்து பிரிந்துபோகும் என்ற அச்சமே அதில் இல்லை.

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். அடியை மட்டும் எஃகாக்கி உடலை மரமாகவே விட்டால் என்ன ஆகும்? தப்பித் தவறி ஒரு பெட்டி மேலேறிவிட்டால், முன்பு மரத்தால் ஆன உளி பாய்ந்தது. இப்போது எஃகால் ஆன உளி பாயும். தாங்குதலை வலுவாக்கியதே ஆபத்தையும் கூராக்கிவிட்டது. ஆகவே உடலையும் எஃகாக்க வேண்டியதாயிற்று. திண்ணைக்குப் பின்னால், கதவின் இருபுறமும், அடி உத்திரத்தில் ஊன்றிய தடித்த எஃகுத் தூண்களை நிறுத்த வேண்டியதாயிற்று. மோதல் தூண்கள் என்று அவற்றிற்குப் பெயர். மேலேறி வரும் பெட்டியை அவை வாயிலிலேயே மறிக்கும். 1904இல் திறக்கப்பட்ட நியூயார்க் சுரங்க ரயிலிலும், அதையடுத்துப் பென்சில்வேனியா ரயில் நிறுவனத்திலும் முழு எஃகுப் பெட்டிகள் ஓடத் தொடங்கின.

எல்லோருக்கும் எஃகுப் பெட்டி ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. 1918ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள், டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகருக்கு வெளியே, ஒரு வளைவில் இரண்டு பயணி வண்டிகள் நேருக்கு நேர் மோதின. அரசுக் கணக்குப்படி 101 பேர் மாண்டனர். மரப்பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டன. பின்னால் இருந்த எஃகாலான தூங்கும் பெட்டிகளுக்குப் பெருஞ்சேதம் இல்லை. இறந்தவர்களில் பலர் வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்குச் சென்றுகொண்டிருந்த கறுப்பினத் தொழிலாளர்கள். அந்நாளைய இனப்பிரிவினைச் சட்டப்படி அவர்களுக்கென ஒதுக்கப்பட்டவை இயந்திரத்தை அடுத்திருந்த பழைய மரப்பெட்டிகள். வலுவான திண்ணை எப்படிச் செய்வது என்பது அன்று எல்லாப் பொறியாளருக்கும் தெரியும். அதை யாருக்குக் கொடுப்பது என்ற இடத்தில்தான் கணக்குத் தவறியது. இந்தப் பகுதியைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பின்னர் வலிமைக்கு எண்ணால் அளவு வகுத்தார்கள். முனையில் 8,00,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 363 டன் விசையைக் கொடுத்து அழுத்தினாலும் பயணிப் பெட்டியின் சட்டகம் நிலையாக வளைந்துவிடக் கூடாது என்பது 1940களில் அந்நாட்டு ரயில்வேச் சங்கம் நிலைநாட்டிய அளவு. 1999இல் அதுவே கூட்டரசின் பாதுகாப்பு விதிகளிலும் இடம்பெற்றது.

இனி ஜோலார்பேட்டைக்குத் திரும்புவோம். பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தாரின் வடிவமைப்பில் அங்கு முழு எஃகுப் பெட்டிகள் உருவாயின. தரை, சுவர், கூரை மூன்றும் சேர்ந்து ஒரே குழாய்போல் பாரம் தாங்குபவை அவை. மோதினால் வாயிலும் கழிவறையும் உள்ள முனைப் பகுதிகள் முதலில் நசுங்கி விசையை உண்ண வேண்டும், பயணிகள் அமரும் இடம் நிற்க வேண்டும் என்பது அவற்றின் நோக்கம். அந்தப் பெட்டியில் எழுதியிருந்த சொல் இந்த வாக்குறுதிதான்: ஒன்றுக்குள் ஒன்று செருகாத பெட்டி.

வாக்குறுதி எப்போதும் நிறைவேறியது என்று சொல்லமாட்டேன். அப்பெட்டிகளை இணைத்தவை இருபக்க உருண்டைப் பஃபர்களும் நடுவில் ஒரு திருகு இணைப்பும். பெரும் மோதலில் ஒரு பெட்டியின் பஃபர் மற்றதன் பஃபரைத் தாண்டி மேலேறிவிடும். பின்னர் பெட்டியும் ஏறும். நம் நாட்டு விபத்துப் படங்களில் பெட்டிமேல் பெட்டி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அந்த வகைப் பெட்டிகளைக் கட்டுவதைப் பெரம்பூர் 2018 தொடக்கத்தில் நிறுத்திவிட்டது. அவற்றிற்கு மாற்றாக வந்த ஜெர்மன் வடிவமைப்புப் பெட்டிகளில் இருபக்கப் பஃபர்கள் இல்லை. நடுவில் ஒரே இணைப்பு. அதன் இரண்டு தலைகளும் தளர்ச்சியின்றி இறுகக் கவ்விக்கொள்கின்றன; ஒன்று மற்றதைவிட உயரவும் முடியாது, தாழவும் முடியாது.

சுற்றுலா முடிந்து ஆண்டு ஒன்று கழிந்த பின்னர்தான் எனக்கு இவற்றுள் ஒரு பகுதியாவது விளங்கிற்று. அந்த மாணவன் அப்போது பத்தாம் வகுப்பு. அவனை அழைத்து, என் மேசைமேல் இரண்டு புத்தகங்களையும் ஓர் அட்டைக் கட்டையும் வைத்து, தள்ளிக் காட்டினேன். அவன் அட்டையை எடுத்துவிட்டு ஒருமுறை, வைத்துவிட்டு ஒருமுறை, தானே தள்ளிப் பார்த்தான். பிறகு, "ஐயா, மூன்றாவது புத்தகம் ஒன்றைப் பின்னால் வைத்தால்?" என்று கேட்டான். நாங்கள் அலமாரியிலிருந்து இன்னும் ஐந்தாறு புத்தகங்களை எடுத்து வந்தோம்.